எண்ணலும் எடுத்தலும்: தேடுபொறியின் வரிசைமுறையும் திருவில்லிபுத்தூர் பற்றிய வலைப்பக்கங்களும்

தமிழ்நாட்டு அரசுச் சின்னத்தில் விளங்கும் கோபுரம் எவ்வூர்க் கோபுரம் என்று வினவினால், பள்ளிச் சிறுவரும் திருவில்லிபுத்தூர் என்றே விடை பகர்வர். சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் பயின்ற முதுகலை மாணவர் ஒருவர், தம் ஊராகிய இராசபாளையத்தையும் அதற்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வடக்கிலுள்ள திருவில்லிபுத்தூரையும் பற்றி ஆய்வேடு ஒன்று எழுதினார். அதில் இச்செய்தியையும் குறித்து, அடிக்குறிப்பில் வலைப்பக்க முகவரிகளை ஒரு தாள் நிறையும் அளவிற்கு அடுக்கியிருந்தார். சான்று யாது என்று யாம் கேட்டபொழுது, "ஐயா, இத்தனை பக்கங்கள் ஒன்றுபோலச் சொல்கின்றன. இதற்கு மேலும் சான்று வேண்டுமா?" என்றார். யாம் உடனே மறுமொழி கூற இயலவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் ஒரு சொற்பொழிவில் யாமும் அச்செய்தியை எவ்வகை ஐயமுமின்றிக் கூறியிருந்தோம் என்பதே காரணம்.

அச்சின்னம் 1949-ஆம் ஆண்டில் அமைந்தது. அதனை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். அவர் மதுரையைச் சார்ந்தவர். மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலின் மேலைக் கோபுரத்தையே அவர் மாதிரியாகக் கொண்டார் என்பது ஒரு சாரார் கொள்கை. ஓவியரின் கூற்றாகவே இதனை எடுத்துரைப்பாரும் உளர். திருவில்லிபுத்தூர் வடபத்திரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரமே அது என்பது பிறிதொரு கொள்கை. மக்கள் வழக்கில் பெருகி நிற்பதும் இதுவே. அவ்வாண்டிலேயே ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாருக்குப் பின் இராசபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா சென்னை மாகாண முதலமைச்சரானார் (ஏப்பிரல் 6) என்பதும் இவ்வட்டாரத்தார் பெருமைக்கு ஒரு காரணம். இவ்விரு கொள்கைகளுள் எது மெய் என்று முடிவுகட்டுதல் ஈண்டு எம் நோக்கமன்று. இரண்டு கொள்கைகள் உள என்னும் செய்தியே தேடுபொறியின் முதற்பக்கத்தில் மாணவர் கண்ணுக்குப் படாமற் போனது எங்ஙனம் என்பதே எம் வினா. இவ்வினாவுக்கு விடை காண, தேடுபொறியின் வரிசைமுறை 1998 முதல் அடைந்த மாற்றங்களையும், அம்மாற்றங்கள் தமிழ் உரைநடையை வளைத்த வகையையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

இணையத்தின் தொடக்க காலத் தேடுபொறிகள் பெரும்பாலும் சொல்லடைவு போன்றவை. வினவிய சொல் எப்பக்கத்தில் மிகுதியாக வருகின்றதோ அப்பக்கத்தை முன்னே காட்டின. எங்கும் வழங்கும் சொல்லைக் காட்டிலும் அருகி வழங்கும் சொல்லுக்கு மதிப்பு மிகுதி என்னும் நுட்பத்தைக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1972-இலேயே நிறுவியிருந்தார். எனினும் சொல்லை மட்டும் எண்ணும் முறையை ஏமாற்றுதல் எளிது. ஒரு சொல்லை நூறு முறை எழுதிவிட்டாற் போதும்.

இக்குறையை நீக்க வந்ததே ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவராயிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவர் 1998-இல் வெளியிட்ட முறை. ஒரு பக்கம் பிறிதொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பதை அவர்கள் ஒரு சான்றுரையாகக் கொண்டனர். பலர் சான்றுரைக்கும் பக்கம் உயர்ந்தது. அத்தகைய உயர்ந்த பக்கம் எதற்குச் சான்றுரைக்கின்றதோ அதுவும் உயர்ந்தது. யூஜின் கார்பீல்டு 1964-இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அடைவின் கருத்து இதற்கு முன்னோடி. கட்டுரைகளின் தகுதியை மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் நம் துறைகளிலும் இன்று புகுந்துவிட்டமையின், இம்முறை நமக்குப் புதியதன்று. விளம்பரத்தால் வாழும் தேடுபொறி விளம்பரம் தருவார் பக்கமே சாயும் என்று அவ்விருவரும் அதே கட்டுரையில் எழுதியிருந்தனர் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. அவ்வாண்டிலேயே அவர்கள் நிறுவிய கூகுள் நிறுவனம் பின்னர் விளம்பரத்தாலேயே பெருஞ்செல்வம் ஈட்டியது.

பழைய நூலோர் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகைப்படுத்தினர். மேற்கூறிய முறை எடுத்தலளவை போலத் தோன்றினும், அவ்வெடை எண்ணிக்கையிலிருந்தே பிறந்தது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் இவ்விடத்திலேயே வேறுபட்டு நின்றனர். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபொழுது பல ஏடுகளைத் தொகுத்து ஒப்பிட்டார். அவ்வாறு ஒப்பிடுங்கால், பத்து ஏடுகள் ஒரு பாடத்தையும் ஓர் ஏடு பிறிதொரு பாடத்தையும் காட்டினால், பத்தே வென்றது என்று கொள்ளுதல் பதிப்பு முறையாகாது. அப்பத்தும் ஓரேட்டைப் பார்த்து எழுதப்பட்டனவாயின் அவை ஒரு சான்றேயாம். மேனாட்டுப் பாட ஆராய்ச்சியாளரும் இதனையே விதியாகக் கொண்டனர். பல ஏடுகளிற் காணும் பொதுவான பிழையே அவை ஒரு மூலத்திலிருந்து கிளைத்தன என்பதற்கு உறுதியான அறிகுறி.

எம் மாணவர் அடுக்கிய பக்கங்களை இக்கண்கொண்டு யாம் படித்தோம். பெரும்பாலானவற்றில் செய்திகளின் வரிசை ஒன்றே. கோபுரத்தின் உயரம் 192 அடி என்பது முதலாவது. அரசுச் சின்னம் இரண்டாவது. பெரியாழ்வார் கட்டினார் என்பது மூன்றாவது. சொற்கள் மட்டும் சிறிது மாறியிருந்தன: ஓரிடத்தில் 'அமைந்துள்ளது', பிறிதோரிடத்தில் 'காணப்படுகிறது'. இத்துணைப் பக்கங்களும் இரண்டு மூன்று மூலங்களிலிருந்து கிளைத்த படிகள் என்பதே எம் துணிபு. ஆனால் தேடுபொறி அவற்றைத் தனித்தனிப் பக்கங்களாகவே கண்டது. ஒரு சொற்றொடர் அப்படியே இரு பக்கங்களில் வருமாயின் அதனை ஒற்றுமைப் படியென்று கண்டறியும் முறைகள் 1997 முதல் உள்ளன. சொல்லை மாற்றிக் கருத்தை அப்படியே எழுதுவார்க்கு அம்முறைகள் வலை விரித்தும் பயனில்லை.

இனி, வரிசைமுறையின் மாற்றங்கள். 2003 நவம்பரில் நிகழ்ந்த ஒரு மாற்றம், சொல்லை மிகையாகத் திணித்த வாணிகப் பக்கங்களைத் தள்ளியது. அதனை விரித்தல் வேண்டா. நம் பொருளுக்கு இன்றியமையாதது 2011 பிப்பிரவரியில் வந்த பாண்டா என்னும் மாற்றம். நவநீத் பாண்டா என்னும் பொறியாளரின் பெயரால் அது வழங்கிற்று. பெயரைக் கேட்டு விலங்கை நினைப்பது பிழை. கூலிக்கு ஆள் அமர்த்தி நாள்தோறும் ஆயிரக்கணக்கில் மேம்போக்கான கட்டுரைகளைப் பெருக்கிய தளங்களை இறக்குவதே அதன் நோக்கம். அமெரிக்காவில் எழுந்த வினவல்களுள் 11.8 விழுக்காடு இதனால் மாறின என்று கூகுள் அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சீனம், சப்பானியம், கொரிய மொழி நீங்கலாக ஏனைய மொழிகளுக்கும் அது விரிந்தது. தமிழும் அதனுள் அடங்கும். 2012 ஏப்பிரலில் வந்த பெங்குவின், விலைக்கு வாங்கிய இணைப்புகளை, அஃதாவது பொய்ச்சான்றுகளை ஒடுக்க முற்பட்டது. இவ்விரண்டும் எண்ணலிலிருந்து எடுத்தலை நோக்கி வைத்த அடிகள் என்று யாம் கருதுகிறோம்.

தமிழுக்கோ வேறொரு தடை முன்னரே இருந்தது. யூனிகோடு 1991 முதல் தமிழெழுத்தைக் கொண்டிருந்தும், தமிழ்த் தளங்கள் பல நெடுங்காலம் தத்தமக்கென எழுத்துருக்களை வைத்திருந்தன. தேடுபொறிக்கு அவை பொருளற்ற உரோம எழுத்துக் கோவைகளாகவே தோன்றின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களை வலையேற்றிய தொடக்க காலத்திலும் இவ்வெழுத்துக் குழப்பம் தீர்ந்திலது. யூனிகோடு பரவிய பின்னரே தமிழில் வினவுதலும் விடை பெறுதலும் இயல்பாயின. ஆங்கிலப் பக்கங்கள் பாண்டாவின் கீழ் அழுந்திய காலத்தில், தமிழ்ப் பக்கங்கள் அப்பொழுதுதான் வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தன என்பது ஒரு முரண்.

எழுத்துக் குழப்பத்துக்குத் திருவில்லிபுத்தூரைப் போன்ற எடுத்துக்காட்டு கிடைப்பதரிது. திருவில்லிபுத்தூர், சீவில்லிபுத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர் என ஊர்ப்பெயர் நால்வகையாக வழங்கும். இவற்றுள் மூன்றாவதன் முதலெழுத்தாகிய வடவெழுத்துக்கூட்டு யூனிகோடில் இருவகையாகக் குறிக்கப்பெறும். 2005-இல் வடமொழிச் சகரத்துக்கெனத் தனிக்குறி சேர்க்கப்பட்டமையின், பழைய குறியால் எழுதிய 'ஸ்ரீ'யும் புதிய குறியால் எழுதிய 'ஶ்ரீ'யும் பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். பொறிக்கோ அவை இரு வேறு சொற்கள். இராசபாளையமும் இத்தகையதே. சொல்லின் முதலில் ரகரம் வாராது என்னும் இலக்கணம் பற்றி 'இராசபாளையம்' என்று எழுதுவோர் ஒரு சாரார். 'இராஜபாளையம்' என்போர் ஒரு சாரார். 'ராஜபாளையம்' என்போரே மிகப் பலர். எழுத்தை எழுத்தாகவே ஒப்பிட்ட காலத்தில், இலக்கணம் பேணிய பக்கம் மக்கள் வினவலுக்கு அகப்படாது ஒழிந்தது.

இதன் விளைவு எழுத்தோடு நில்லாது தொடரமைப்பையும் தாக்கியது. அக்காலத் தளங்களில் ஒரு பத்தியிலேயே ஊர்ப்பெயரை மூன்று வடிவிலும் மாற்றி மாற்றி எழுதினர். எழுதுவோர்க்கு எழுத்து நெறி தெரியாமையால் இது நிகழ்ந்ததன்று. மூன்று வினவலுக்கும் அகப்படவேண்டும் என்னும் கருத்தே காரணம். இனி, 'ஆண்டாள்' என்று ஒருமுறை கூறியபின் 'அவள்' என்றோ 'அவ்வம்மையார்' என்றோ கூறுவது தமிழியல்பு. வரிசைக்கு எழுதுவோர் சுட்டுப்பெயரைத் துறந்தனர். தொடர்தோறும் இயற்பெயரே வந்தது. வேற்றுமையுருபு ஏறினால் சொல்லின் வடிவம் மாறும். 'கோயில்' என்பது 'கோயிலின்', 'கோயிலுக்கு', 'கோயிலைக்' என்றாகும். அதனை அஞ்சித் தலைப்புகளில் உருபுகள் யாவும் தொக்கன. 'ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் வரலாறு சிறப்பு நேரம்' என்பது போன்ற தலைப்பை நோக்குக. தொல்காப்பியர் தொகைநிலைத் தொடருக்கு வகுத்த இலக்கணத்தில் இதனை அடக்குதல் இயலாது. ஆறு பெயர்களும் ஒன்றோடொன்று இயையாது வரிசையாய் நிற்கின்றன. தமிழின் அண்மைக்கால உரைநடை வரலாற்றை எழுதப்புகுவார் இத்தலைப்புகளை ஒரு வகைச் சாசனமாகவே கொள்ளல் தகும்.

சொல்லின் வடிவத்தை விடுத்துக் கருத்தை நோக்கும் மாற்றங்கள் 2013 முதல் வந்தன. அவ்வாண்டின் ஹம்மிங்பேர்டு, 2015-இன் ரேங்க்பிரெயின், 2019-இன் பெர்ட் என்பன அவை. பெர்ட் முதலில் ஆங்கிலத்துக்கும், 2019 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கும் வந்தது. அதன்பின் சுட்டுப்பெயரும் உருபும் பண்டைப் போல் எழுதுவோர்க்குப் பகையாகவில்லை. எனினும் பழகிய நடை மாறவில்லை. பொறி திருந்திய பின்னரும் பொறிக்காக எழுதக் கற்ற கை அவ்வாறே எழுதிக்கொண்டிருந்தது.

இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. 2018 பிப்பிரவரியில் கூகுள் தன் விளம்பர ஏற்பாட்டில் தமிழைச் சேர்த்தது. தமிழில் எழுதுவோர்க்குச் சிறிது ஊதியம் கிடைத்தது, அது நன்று. ஆனால் ஊதியம் பார்வையாளர் தொகைக்கேற்ப வருவதாகலின், ஓர் ஆண்டு உழைத்து ஒரு கல்வெட்டை ஆராய்ந்தவருக்கும் அரைமணி நேரத்தில் பிறர் எழுதியதை மாற்றி எழுதியவருக்கும் வேறுபாடு இலதாயிற்று. பின்னவர் ஒரே நாளில் பத்துக் கட்டுரைகள் எழுத வல்லவராதலின் அவர்க்கே ஆக்கம். நீண்ட பக்கமே உயரும் என்னும் நம்பிக்கையும் பரவியது. அது மெய்யோ அன்றோ, நீட்டலளவையும் உடன் புகுந்தது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனைக் கிண்டும் முறை கூறும் ஒரு பக்கத்தை இல்லத்தார் பொருட்டு யாம் ஒருகால் தேடினோம். பெரியாழ்வார் நந்தவனத்தில் தொடங்கி, கோபுரத்தின் உயரத்தைக் கடந்து, அரசுச் சின்னத்தையும் தொட்டுவிட்டுப் பால் எத்தனை லிட்டர் என்பதற்கு அது வருவதற்குள் அடுப்பிலிருந்த பால் பொங்கிவிட்டது. இராசபாளையம் நாயைப் பற்றிய பக்கங்களும் அத்தகையனவே. 2005 சனவரியில் அந்நாய்க்கு அஞ்சல் தலை வெளிவந்த செய்தியையும், வெண்ணிறம், இளஞ்சிவப்பு மூக்கு என்பனவற்றையும் திரும்பத் திரும்பக் கூறுமேயன்றி, வளர்ப்போர் அறிந்த ஒரு புதுச்செய்தியைக் கூறும் பக்கம் அரிது.

எழுதியதையே எழுதும் இவ்வழக்கத்தைக் காணுங்கால், அவ்வூர் ஆழ்வாரின் திருமொழிக்கு உரை வாய்த்த வரலாறு எம் நினைவுக்கு வருகின்றது. பெரியவாச்சான்பிள்ளை இயற்றிய பெரியாழ்வார் திருமொழி உரையிற் பெரும்பகுதி செல்லரித்து அழிந்தது. மணவாள மாமுனிகள் (1370–1443) அழிந்த பகுதிக்கு மட்டும் புத்துரை வரைந்து, பழைய உரை கிடைக்கும் இடம் வந்தவுடன் எழுத்தாணியை நிறுத்தினார் என்பது மரபு. இல்லாததை மட்டுமே எழுதினார், உள்ளதைத் தொட்டாரிலர்.

காலத்தைப் பற்றிய மயக்கம் இன்னும் ஆழமானது. ஆண்டாள் திருப்பாவையிற் குறிக்கும் வெள்ளி, வியாழன் ஆகிய கோள்களின் நிலையைக் கொண்டு அவள் காலத்தைக் கணிக்க மு. இராகவையங்கார் முதலியோர் முயன்றனர். அக்கணக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் பொருந்தும், கி.பி. 731 என்பது அவற்றுள் ஒன்று. கணக்கின் கருதுகோளையே ஏற்காதாரும் உளர். 2014 முதல் தேடுபொறி, வினவலுக்குரிய விடையை ஒரு பக்கத்திலிருந்து தானே எடுத்து, ஒரு சிறு கட்டத்தில் முதலிற் காட்டும் வழக்கத்தைக் கொண்டது. அக்கட்டத்தில் இடம்பெறுவது ஓர் ஆண்டே. பூசலும் மறுப்பும் கருதுகோளும் கட்டத்துக்குள் அடங்கா. 'இருக்கலாம்' என்று எழுதிய ஆராய்ச்சியாளர் பின்தங்க, 'ஆகும்' என்று எழுதியவர் முன்வந்தார். 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவில் இயந்திரமே விடையைத் தொகுத்தெழுதிக் காட்டும் முறையும் வந்துள்ளது. அது பல பக்கங்களைச் சேர்த்துக் கூறுவதால் இருவேறு கொள்கைகளையும் சிலபொழுது காட்டுகின்றது என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், அது எடுத்துத் தொகுக்கும் பக்கங்கள் மேற்கூறிய படிகளேயாயின், அவற்றைத் தொகுத்ததனால் சான்று பெருகிவிடாது.

பிறர்க்குப் பயன்படும் உள்ளடக்கத்தை உயர்த்துவதாகக் கூறிய மாற்றம் 2022 ஆகஸ்டில் ஆங்கிலத்துக்கும், அவ்வாண்டு டிசம்பரில் எல்லா மொழிகளுக்கும் வந்தது. 2024 மார்ச்சு 5-இல் தொடங்கிய பெருமாற்றத்தில் அது மூல முறையோடு கலந்தது. இயந்திரத்தாலோ ஆளாலோ அளவின்றிப் பெருக்கப்பட்ட பக்கங்கள், காலாவதியான பழம்பெயரை வாங்கி அதன் புகழில் ஏறுவன, பிறர் தளத்தின் மதிப்பை வாடகைக்குப் பெறுவன ஆகிய மூவகையையும் குற்றமென்று விதித்தனர். தரமற்ற, பிறரைப் பார்த்தெழுதிய உள்ளடக்கம் 45 விழுக்காடு குறைந்தது என்று கூகுள் கூறிற்று. இது கூகுளின் கூற்றேயன்றிப் பிறர் அளந்ததன்று. மேலும், இத்தகைய மாற்றங்களின்போது தனியொருவர் அன்பினால் நடத்திய சிறு தளங்கள் பலவும் வீழ்ந்தன என்னும் குறைபாடு பல நாடுகளிலிருந்தும் எழுந்தது. எடுத்தலளவையும் பிழைபடும், எக்கல்லை வைத்து நிறுக்கின்றார்கள் என்பது வெளியார்க்குத் தெரியாது. ஏட்டுப் பதிப்பாசிரியரோ, தாம் எப்பாடத்தைத் தள்ளினார், எதனைக் கொண்டார் என்பதை அடிக்குறிப்பில் வைத்துவிடுகின்றார். அவர் பிழைபட்டாலும் பின்வருவார் திருத்த இயலும். தேடுபொறிக்கு அத்தகைய அடிக்குறிப்பு இல்லை. எம் கருத்தில், 1998 முதல் இன்று வரை நிகழ்ந்த மாற்றங்களுள் எதுவும் தீர்க்காத குறை இதுவே.

நம் துறைகளும் இதில் முற்றும் குற்றமற்றன அல்ல. கோபுரத்தையும் கல்வெட்டையும் பற்றி நாம் எழுதிய நல்ல கட்டுரைகள் பல, அச்சிதழ்களிலும், எழுத்தைத் தேடவியலாத படக்கோப்புகளிலும் அடைபட்டுக் கிடக்கின்றன. எடைபோடுவதற்கு நாம் ஒன்றும் தட்டில் வைக்கவில்லை. வைத்தவர் எடையே நின்றது.

எம் மாணவர் அத்தாளை எடுத்துச்சென்று இரண்டு மாதம் உழைத்தார். தாம் அடுக்கிய பக்கங்களுள் எது எதனைப் பார்த்து எழுதியது என்பதை, பொதுப்பிழைகளையும் செய்தி வரிசையையும் கொண்டு, சுவடிகளுக்கு வரைவது போன்றதொரு கொடிவழிப் படமாக வரைந்துகொண்டு வந்தார். தாள் நிறைந்த அடிக்குறிப்பு மூன்று வரியாகச் சுருங்கியிருந்தது. அவற்றுள் இரண்டு திருவில்லிபுத்தூருக்கு, ஒன்று மதுரைக்கு. தம் ஊர்ப்பக்கத்துக் கோபுரத்தைத் தாமே ஐயுறுவதில் அவருக்கு வருத்தம் இருந்தது. "வீட்டில் சொன்னால் அடிப்பார்கள் ஐயா" என்று சிரித்துக்கொண்டே கூறி, அம்மூன்று வரியையும் அவ்வாறே விட்டு, ஆய்வேட்டைக் கட்டுக்கு அனுப்பினார்.